தெருப்பக்கத்து வாசல்

சங்கரன்கோவில்
4-9-1982

அன்புள்ள கனகமணி அக்காவுக்கு,

உங்கள் வீட்டில் குடியிருக்கும் ஆறுமுகத்தாய் வணங்கி எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் நாங்கள் நாலு பேரும் சுகம். அந்த மலைக்குளிரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இப்போதும் நீங்கள் ஒருவரே இரண்டு வார்டையும் பார்த்துக்கொள்கிறீர்களா?

மாதாமாதம் மணியார்டர் பாரத்தின் அடியில் இரண்டு வரி எழுதுகிறவள், இன்றைக்கு முழுக் கடிதம் எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர் வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஆடித்தபசு லீவு முடிந்து வேலைக்குப் போனவர்கள், கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். முதலாளிமார்களுக்குள் ஏதோ வழக்கு, சமாதானமாகித் திறந்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போன வாரம் மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்களாம். இவர் அதை நேரில் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இந்த மாத வாடகை எங்களால் அனுப்ப முடியவில்லை, அக்கா. அடுத்த மாதமும் முடியுமென்று தோன்றவில்லை.

இவர் என்னிடம் சொன்னது வேறு. "ஏட்டி, அந்த அம்மா ஒரு நாளும் நம்மள நெருக்கினது இல்ல. தர முடியலன்னு சொல்லிக்கிட்டு அவங்க வீட்டுலயே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கது? சாமானைக் கட்டிக்கிட்டு திருவேங்கடத்துக்கு உங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம். சாவிய அவங்க தம்பிகிட்ட குடுத்துட்டாப் போதும்" என்றார். சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன். இவருக்கும் தெரியும். நான் எழுத உட்கார்ந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாங்கள் கொடுத்த அட்வான்ஸில் வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை முடிகிற வரைக்கும் இருக்க விட்டால் போதும். தை பிறந்ததும் காலி செய்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஆறுமுகத்தாய்


குன்னூர்
13-9-1982

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

கர்த்தரின் கிருபையால் நான் நலமே. குளிருக்கு விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன, அவ்வளவுதான். உன் கடிதத்தை டியூட்டி முடிந்து வந்து படித்தேன். சொல்லாமல் போகாததற்கு முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில்லை. ஒழுங்காக வாடகை கொடுத்தார்கள். போகும்போது கிணற்று உருளையைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுப்படிச் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க எனக்கு எத்தனை மாத வாடகை போயிற்று என்று என் தம்பி ஏசுதாசனைக் கேட்டால் சொல்லுவான். நீங்கள் வந்த பிறகு, அந்த வீட்டைப் பற்றி நினைக்காமல் நான் தூங்குகிறேன். ஆகையால் உங்களை இருக்கச் சொல்வதில் என் சுயநலமும் இருக்கிறது. இதை உன் வீட்டுக்காரரிடம் அப்படியே சொல். தருமத்துக்கு இருக்கிறோம் என்று அவர் நினைக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் வாடகை அனுப்ப வேண்டாம். அட்வான்ஸையும் தொட மாட்டேன். நாளைக்கே நீங்கள் வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தால், அங்கே வீடு பிடிக்க அந்தப் பணம்தான் கைகொடுக்கும். அதைக் கழித்துவிட்டு உங்களை வெறுங்கையோடு அனுப்பினால் நான் செய்தது உதவியே இல்லை. இந்த மாதங்களின் வாடகையை, வேலை கிடைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எப்போது என்று இப்போதே நாள் குறிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த வாடகையிலிருந்துதான் என் சித்தியின் மருந்துச் செலவுக்கு அனுப்புகிறேன். கிறிஸ்துமஸ் வரை என்னால் சமாளிக்க முடியும். அதற்கு மேல் முடியுமா என்று எனக்கே தெரியாது. அப்போது நாம் மறுபடியும் பேசுவோம்.

உன் வீட்டுக்காரர் மில்லில் என்ன வேலை பார்த்தார்? 'பிட்டர்' என்று மட்டும் தெரியும். என்னென்ன செய்யத் தெரியும் என்று விவரமாக எழுது. இங்கே எஸ்டேட் பேக்டரியில் கேட்டுப் பார்க்கிறேன். அவரைச் சாப்பிடச் சொல். பட்டினி கிடந்தால் மில் திறக்காது.

அன்புடன்,
கனகமணி


சங்கரன்கோவில்
20-10-1982

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறுமுகத்தாய் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதத்தை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போய்விட்டு வந்தார். மில் பூட்டியதிலிருந்து, யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பகலில் தெருவில் இறங்காமலே இருந்த மனுஷன்.

ராஜபாளையத்தில் மில் மில்லாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் இருக்கிறவர்களையே குறைக்கிறார்களாம். சிவகிரியில் ஒரு ரைஸ்மில்லில் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கு மூடை ஏற்றப் போனார். பழக்கமில்லாத வேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த மண்டியில்தான் ஒன்று நடந்தது.

பிச்சையா என்று ஒரு தோட்டக்காரர், கிணற்று மோட்டார் எரிந்துபோனதென்று மண்டியில் சொல்லிப் புலம்பியிருக்கிறார். "கரண்டு இழுத்து இழுத்து வந்தா மோட்டார் புகையாம என்ன செய்யும்? இங்கன கடையில குடுத்தா எனக்கு முன்னாடி ஒரு வண்டி மோட்டார் கெடக்கு. அதுக்குள்ள பிஞ்செல்லாம் உதிர்ந்துரும் வே" என்றிருக்கிறார். மூடையை இறக்கி வைத்துவிட்டு இவர், "நான் காயில் கட்டுதேன், எங்கிட்ட குடுத்துப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பேர்தான் பிட்டர், மில்லில் இவருக்கு எலக்ட்ரிக் வேலை, அக்கா. அத்தனை மிஷினுக்கும் மோட்டார் எரிந்தால் பழைய செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுவது இவர்தான்.

மோட்டாரைப் பஸ்ஸின் மேல் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து, முன்னறையில் உட்கார்ந்து கட்டினார். கம்பியை நான் பிடித்துக்கொடுத்தேன். மோட்டார் ஓடியது. பிச்சையா இன்னும் இரண்டு பேரை அனுப்பிவைத்தார்.

இவர் உங்களிடம் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். முன்னறையில் இந்தத் தொழிலை வைத்துக்கொள்ள விடுவீர்களா? நம் வீட்டுக்கு நுழைவாசல் சந்துக்குள் இருக்கிறது. மோட்டார் கனத்த கனம். சந்துக்குள் தூக்கி, நடையில் திருப்பி உள்ளே கொண்டுவருவதற்குள் சுவரெல்லாம் இடிபடுகிறது. முன்னறைச் சன்னலை எடுத்துவிட்டு அங்கே தெருவைப் பார்த்து ஒரு வாசல் வைத்தால் வண்டியை நேராக நிறுத்தலாம். ஈ.பி. ஆபீஸில் கடைக்கென்று தனிக் கனெக்‌ஷன் வாங்க வேண்டும். அதற்கு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாதாம்.

நீங்கள் கொடுத்ததற்கு மேலே நான் கேட்கிறேன் என்று தெரிகிறது. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். வருத்தப்பட மாட்டோம்.

இப்படிக்கு,
ஆறுமுகத்தாய்


சங்கரன்கோவில்
18-11-1982

அக்காவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாக நேற்று உங்கள் தம்பி வந்தார்.

அவர் வரும்போது இவர் பிச்சையா தோட்டத்துக்குப் போயிருந்தார். கூடவே பேங்கில் வேலை பார்க்கிற ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அந்தம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்தாள். கொடியில் கிடந்த என் சேலையை ஒதுக்கிவிட்டுக் கிணற்றடியைப் பார்த்தாள். உங்கள் தம்பி என்னிடம், "ஏம்மா, வாடகையும் தர மாட்டிய, சுவரையும் இடிக்கணும்னு கேப்பியளோ? எங்க அக்காவுக்கு எளகின மனசு. எனக்கு அப்படி இல்ல. இவங்க இப்பவே கூடுதலா வாடகை தாரேங்காவ. எப்ப காலி பண்ணுதிய?" என்று கேட்டார்.

மூத்தவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரங்க வரட்டும், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லித்தான் வந்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்படியென்றால் எனக்கே எழுதியிருக்கலாம். முடியாது என்று எழுதச் சொல்லித்தானே கேட்டேன்.

இவரிடம் ராத்திரிதான் சொன்னேன். "நான் அப்பமே சொன்னேம்லா" என்றார். இன்று காலையிலிருந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆறுமுகத்தாய்


குன்னூர்
23-11-1982

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

சாக்கை அவிழ்த்துவிடச் சொல். முதலில் அதைச் செய், பிறகு மீதியைப் படி.

நான் ஏசுதாசனை அனுப்பவில்லை. தெருப்பக்கம் வாசல் வைக்கலாமா என்று யோசனை கேட்டு அவனுக்கு எழுதினேன். அவன் யோசனை சொல்வதற்குப் பதிலாக ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். உன் அடுப்படிக்குள் அந்நியர் நுழைந்ததற்கு என் பேரால் வருத்தம் தெரிவிக்கிறேன். அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அது அக்கா தம்பிக்குள் இருக்கட்டும்.

ஆனால் உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது என் வேலைதான். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஏசுதாசனின் பயம் இதுதான். வீட்டில் கடை வைக்க விட்டால், தொழில் ஊன்றிய பிறகு யாரும் காலி செய்ய மாட்டார்கள். சட்டம் குடியிருப்பவர் பக்கம். கோர்ட்டுக்குப் போனால் என் ஆயுசு முடிந்துவிடும். அவனுக்குத் தெரிந்த ஒரு விதவை, தன் சொந்த வீட்டை வெளியே நின்று பார்த்துக்கொண்டே செத்துப்போனாள் என்று எழுதியிருந்தான். இதைப் படித்துவிட்டு அவன்மேல் கோபம்தான் வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. உன்னிடம் அதை மறைத்து இனிப்பாக எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த எஸ்டேட் வேலைக்கு பென்ஷன் கிடையாது. ரிட்டையர் ஆன மறுநாளே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா மாணிக்கராஜ் வாத்தியார் கட்டிவைத்துவிட்டுப் போன அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. தம்பி வீடு இருக்கிறது. ஆனால் தம்பி வீடு தம்பி வீடுதான். நீ இடிக்கக் கேட்கிற சுவர், அப்பா உயிர் பிரிந்தபோது நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவர்.

ஆகையால் நேராகவே கேட்கிறேன். எனக்கு வீடு வேண்டும் என்று நான் கேட்கிற நாளில் கொடுத்துவிடுவீர்களா? ஸ்டாம்பு பேப்பர் வேண்டாம். உடனே பதில் எழுதவும் வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கனகமணி


சங்கரன்கோவில்
5-12-1982

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறுமுகத்தாய் வணங்கி எழுதுவது. சாக்கை அவிழ்த்துவிட்டோம்.

உங்கள் கடிதம் வந்தவுடனே "கொடுத்துவிடுவோம்" என்று எழுதப் பேனாவை எடுத்தேன். இவர்தான் தடுத்தார். "அவசரப்படாத. அவங்க பயந்ததை மறைக்காமச் சொல்லுதாங்க. நாமளும் யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஆயிஷம்மாளிடம் விட்டுவிட்டு, கோயில் பிரகாரத்தில் போய் உட்கார்ந்து பேசினோம். கல்யாணமான பிறகு நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை, அக்கா.

இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தொழில் நல்லா ஓடிச்சுன்னா அந்த எடத்த விட எனக்கு மனசு வராது. அது உண்மை. இப்ப இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா அவங்க வயசான காலத்துல வந்து நிக்கும்போது நான் உள்ள உக்காந்துகிட்டு, சட்டம் பேச மாட்டேன். அது எனக்கு முடியாது."

எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன். வீட்டைக் கேட்டால் கொடுத்துவிடுவோம். ஆனால் கேட்பதை ஒரு வருஷம் முன்னாலேயே கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடுவில் முறியாமல் இருக்கும். தோட்டக்காரர்களுக்கும் புது இடத்தைச் சொல்லிப் பழக்க வேண்டும். இது ஒன்றுதான் நாங்கள் கேட்பது. இந்தப் பேச்சு இரண்டு பேருக்கும் சம்மதம். இவரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்களை இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆறுமுகத்தாய்
சு. காளிராஜ்


குன்னூர்
10-1-1983

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கும் காளிராஜுக்கும்,

புது வருஷ ஆசீர்வாதங்கள். ஒரு வருஷம் முன்னதாகச் சொல்வேன். இது என் வார்த்தை.

காளிராஜ், "மனசு வராது" என்று நீங்கள் சொன்ன இடத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று எழுதியிருந்தால் பயந்திருப்பேன்.

ஈ.பி. ஆபீஸுக்கு என் சம்மதக் கையெழுத்தை இதோடு வைத்திருக்கிறேன். வாசல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கொத்தனாராகப் பாருங்கள். சன்னல் சட்டத்தை உடைக்காமல் எடுத்துப் பரணில் போடுங்கள், தேக்கு அது. வாசல் செலவை நான் தர முடியாது. ஆனால் அந்தச் செலவை நிலுவை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்குத்தானே வாசல் வருகிறது.

சுவரில் கை வைக்கும் முன்னால் ஆயிஷம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. சுவர்த் தூசி பறக்கும்போதும், பிறகு காயிலுக்கு வார்னிஷ் அடிக்கும்போதும் அவர் பக்கத்துச் சன்னலைச் சாத்திக்கொள்ள வசதியாக இருக்கும்.

வாடகையைச் சித்திரையில் தொடங்குங்கள். முதலில் பாதி. முழுவதும் தர முடிகிறபோது நீங்களே சொல்லுங்கள். நான் கேட்க மாட்டேன். என் சித்திக்கு எப்படி அனுப்புவது என்று வழி பார்த்துவிட்டேன், அதைப் பற்றி நினைக்க வேண்டாம். எஸ்டேட் பேக்டரியில் வேலை காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதற்கே.

அன்புடன்,
கனகமணி


சங்கரன்கோவில்
14-12-1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறுமுகத்தாய் வணங்கி எழுதுவது. மணியார்டர் பாரத்தில் இடம் போதவில்லை. அதனால் இந்தக் கடிதம். இந்த மாதத்திலிருந்து முழு வாடகை அனுப்புகிறோம். இதைத் தனியாகக் கடிதம் போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று இவர் சொல்லிவிட்டார்.

கோடை நாங்கள் நினைத்தபடி இல்லை. வாசல் வைத்துக் கடை திறந்த கையோடு கிணறெல்லாம் வற்றிவிட்டது. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டாருக்கு என்ன வேலை? இரண்டு மாதம் வாசலைத் திறந்து வைத்து ஈ ஓட்டினோம். பாதி வாடகையையும் நிறுத்தச் சொல்லி உங்களுக்கு எழுதலாமா என்று நினைத்தேன். இவர் விடவில்லை. வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனார். மின்விசிறிகளை வாங்கி வந்து காயில் கட்டினார். மழை பெய்த பிறகு பாருங்கள், ஒரே சமயத்தில் எல்லாக் கிணற்றிலும் மோட்டாரைப் போட, கரண்ட் தாழ, மோட்டார் மோட்டாராக எரிய, வாசலில் வண்டி நிற்க இடமில்லை.

இன்னொரு சேதி. காயிலை இப்போது நானே சுற்றுகிறேன். இவர் தடித்த விரல்களால் திணறும் இடத்தில் என் விரல் எளிதாக நுழைந்துவிடுகிறது. முதலில் கட்டிக்கொடுத்த மோட்டார் ஒன்று ஓடவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். திருவேங்கடத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், "அந்தப் பொம்பள கட்டினதுன்னா நின்னு ஓடும்" என்கிறார்களாம். என் அம்மாவுக்கே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்து, என்ன வேலைடீ இது என்று கேட்டுவிட்டாள். மறுமாதம் தன் தம்பி தோட்டத்து மோட்டாரை அவளே வண்டியில் ஏற்றி அனுப்பினாள்.

உங்கள் தம்பி இந்தத் தெருவில் போனால் எதிர்ப்பக்கமாகத்தான் போகிறார். ஆனால் ஒரு தடவை நின்று, நிலைப்படியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். கொத்தனார் வேலை நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

இப்படிக்கு,
ஆறுமுகத்தாய்


குன்னூர்
29-12-1986

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கருப்பட்டியும் முறுக்கும் உடையாமல் வந்து சேர்ந்தன. இங்கே வார்டில் இருந்தவர்களுக்கும் கொடுத்தேன். வார்டில் மொத்தமே கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எஸ்டேட் கைமாறிவிட்டது. புது முதலாளிகளுக்கு ஆஸ்பத்திரி வேண்டாமாம். மார்ச்சோடு மூடுகிறார்கள். எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் வருஷம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு தப்பிவிட்டது. மார்ச் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்க வேண்டும். கையில் கொடுக்கிற தொகையை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டால் ஓட்டிவிடலாம். வேறு வருமானம் இனி இல்லை.

ஒரு வருஷம் முன்னதாகச் சொல்வேன் என்று உனக்கு வார்த்தை கொடுத்தேன். நீங்கள் கேட்டது அது ஒன்றுதான். நாலு வருஷத்தில் நிலுவையெல்லாம் தீர்த்து, நான் கேட்காமலே வாடகையைக் கூட்டியும் அனுப்பினீர்கள். இப்போது வார்த்தை தவறுவது நான்.

அதனால் ஒன்று செய்கிறேன். மார்ச்சில் வந்து ஏசுதாசன் வீட்டில் இருந்துகொள்கிறேன். உன் மூத்தவள் பத்தாவது பரீட்சை எழுதி முடிக்கட்டும். 1988 தை வரைக்கும் நீங்கள் நிதானமாக இடம் பாருங்கள். அவன் மனைவி மார்த்தாள் நல்லவள்தான். ஒரு வருஷம் போவது தெரியாது.

வேலை போன செய்தியை எழுத உனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அன்புடன்,
கனகமணி


சங்கரன்கோவில்
20-1-1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறுமுகத்தாய் வணங்கி எழுதுவது. மார்ச்சில் நீங்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் வார்த்தை தவறவில்லை. ஆஸ்பத்திரியை மூடினது நீங்களா? எங்களுக்கு மில்லைப் பூட்டியபோது நீங்கள் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லையே.

வீடு தேடுவதுதான் லேசாக இல்லை. பொங்கலுக்கு முன்னாலிருந்தே தேடினோம். "நீங்க வாடகை வீட்டுச் சுவரை இடிச்சு வாசல் வச்சவங்கல்லா" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் எங்களைத் திண்டாட வைத்துவிட்டுக் கடைசியில் உறவுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் தேடுவது எப்படியோ உங்கள் தம்பி காதுக்குப் போயிருக்கிறது.

முந்தாநாள் கடைக்கே வந்தார். நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். இவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்காரவில்லை. "எங்க அக்கா எழுதியிருந்தா. என் வீட்டுக்கு வாராளாம். ஒரு வருஷம் இருப்பாளாம்" என்றார். "இல்ல அண்ணாச்சி, அவங்க இங்கனதான் வருவாங்க. நாங்க வீடு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று இவர் சொன்னார். அதைக் கேட்டதும் உங்கள் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கழுகுமல ரோட்டுல என் வீட்டுக்குப் பின்னால ஒரு போர்ஷன் இருக்கு, தெரியும்லா? அந்த பேங்க்காரரை அங்கனதான் வச்சிருந்தேன். வாடகையெல்லாம் டாண்ணு தந்தாரு. போன மாசம் டிரான்ஸ்பர் ஆகிப் போனாரு. போனப்புறம் பாத்தா ஒரு கதவுல தாப்பா இல்ல. கக்கூஸ் அடைச்சுக் கெடக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரே சொன்னார். "அந்த எடத்துக்கு நீங்க வந்திருங்க. கதவ நான் சரி பண்ணித் தாரேன். வாடகை எங்க அக்காவுக்கு என்ன தந்தியளோ அதுவே தந்தாப் போதும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம்."

பிப்ரவரியில் போகிறோம், அக்கா. வெள்ளையடித்து, கிணற்றைச் சுத்தம் செய்து வைப்பேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று. முன்னறையைக் கடையாகவே எங்களுக்கு விட்டுவைக்க முடியுமா? உள்ளே போகிற கதவை நீங்கள் உங்கள் பக்கம் பூட்டிக்கொள்ளலாம். எங்களுக்குத் தெருப்பக்கத்து வாசல் போதும். பஜாரில் அந்த அளவு கடைக்கு என்ன வாடகை என்று விசாரித்துவிட்டோம். அதையே மாதாமாதம் உங்கள் கையில் தருவோம். உங்களுக்கு வருமானம் இல்லாமல் போக வேண்டியதில்லை. உதவி என்று நினைக்க வேண்டாம். எங்கள் சுயநலமும் இருக்கிறது, தோட்டக்காரர்கள் இந்த வாசலுக்குப் பழகிவிட்டார்கள். சத்தம் உங்களுக்கு ஆகாதென்றால் சொல்லுங்கள். பஜாரிலேயே பார்த்துக்கொள்கிறோம். மத்தியானம் நீங்கள் படுக்கிற நேரம் சொன்னால் அப்போது மோட்டார் ஓட்ட மாட்டோம். வார்னிஷ் மட்டும் அடிப்போம். ஆயிஷம்மாளுக்கு அது பழகிவிட்டது. நீங்கள் வருவதைச் சொன்னேன், "வரட்டும் தாயி, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு" என்றார்.

நீங்கள் எந்தப் பஸ்ஸில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். சாமான்களுக்கு இவர் வண்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். முதல் நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்.

உங்கள் தம்பி காபி குடித்துவிட்டுத்தான் போனார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து இவரிடம், "எல்லாம் சரி. ஆனா எங்க வீட்டுச் சுவர்ல கை வைக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"சன்னல் எந்தப் பக்கம் இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார் இவர்.

உங்கள் தம்பி சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அக்கா.

இப்படிக்கு,
உங்கள்
ஆறுமுகத்தாய்